தாயின் ரத்தத்தை விடுங்கள், குழந்தையின் சிறுநீரைப் பாருங்கள்

தமிழ்நாட்டின் மகப்பேறு மருத்துவர்களுக்கும் குழந்தை மருத்துவர்களுக்கும்,



நீங்கள் அனுப்பும் மாதிரிகளைப் பரிசோதித்து முடிவு எழுதித் தருகிற பக்கத்தில் இருப்பவள் நான். மருத்துவ நுண்ணுயிரியல் என் துறை. சைட்டோமெகலோ வைரஸ், சுருக்கமாக சிஎம்வி, பற்றி உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்க இந்த மடலை எழுதுகிறேன். மருத்துவ இதழில் எழுதாமல் எல்லோரும் படிக்கும் இதழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்தப் பரிசோதனைக்குக் காசு கட்டுகிறவர்களும் அதன் முடிவை வருடக்கணக்கில் மனதில் சுமக்கிறவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருவுற்றவர்களுக்கும் கரு கலைந்தவர்களுக்கும் சிஎம்வி உள்ளிட்ட சில தொற்றுகளை ரத்தத்தில் ஒன்றாகத் தேடும் 'டார்ச்' பரிசோதனையை வழக்கமாக எழுதுவதை நிறுத்துங்கள். அந்தக் காசையும் கவனத்தையும் பிறந்து மூன்று வாரம் ஆகாத குழந்தையின் சிறுநீருக்கும் உமிழ்நீருக்கும் திருப்புங்கள்.

டார்ச் ரிப்போர்ட்டில் 'சிஎம்வி ஐஜிஜி' என்ற வரிக்கு எதிரே 'பாசிட்டிவ்' என்று தடித்த எழுத்தில் அச்சாகி வருகிறது. அதைக் கையில் வாங்கும் பெண்ணின் நிலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஏற்கெனவே இரண்டு முறை கரு தங்காமல் போனவள். புகுந்த வீட்டில் காரணம் கேட்கிறார்கள், பிறந்த வீட்டிலும் கேட்கிறார்கள். "அவ ரத்தத்துல ஏதோ கிருமி இருக்காம்" என்ற பேச்சு ஒரே வாரத்தில் உறவு முழுக்கப் பரவுகிறது. சிலருக்கு ஏசைக்ளோவிர் மாத்திரை, சிலருக்கு ஸ்பைராமைசின், சிலருக்கு "ஆறு மாசம் குழந்தைக்கு முயல வேண்டாம்" என்ற அறிவுரை. சில மாதம் கழித்து அதே ஐஜிஜியை மறுபடி பார்க்கிறார்கள். மறுபடியும் பாசிட்டிவ். மருந்து வேலை செய்யவில்லை என்று அவள் அழுகிறாள். அந்த ஐஜிஜி அவள் ஆயுள் முழுக்கப் பாசிட்டிவாகத்தான் இருக்கும் என்பதை யாரும் அவளுக்குச் சொல்வதில்லை.

அம்மை வந்துபோன உடம்பில் தழும்பு நிற்பது போல, சிஎம்வி வந்துபோன உடம்பில் ஐஜிஜி என்ற எதிர்ப்பொருள் நிற்கும். என்றைக்கோ வந்தது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. நம் நாட்டில் கருவுறும் வயதுப் பெண்களில் பத்தில் எட்டு, ஒன்பது பேருக்கு இது இருக்கிறது. சில ஆய்வுகளில் அதற்கும் மேல். பெரும்பாலோருக்குக் குழந்தைப் பருவத்திலேயே தாய்ப்பால் வழியாகவோ, கூட விளையாடிய பிள்ளைகளின் எச்சில் வழியாகவோ வந்திருக்கும். சாதாரணக் காய்ச்சலாக வந்து போயிருக்கும், அல்லது அதுவும் தெரிந்திருக்காது. அதன்பின் வைரஸ் எலும்பு மச்சையில் உள்ள ரத்த மூல அணுக்களில் உறங்கிக்கொண்டு உடம்பிலேயே தங்கிவிடும். அவள் ஐஜிஜி பாசிட்டிவ் என்றால், ரிப்போர்ட்டை எழுதித் தந்த மருத்துவரும் பெரும்பாலும் பாசிட்டிவ். கேலி செய்த நாத்தனாரும் அப்படியே.

அடுத்தடுத்துக் கரு கலைவதற்கு இந்த வைரஸைக் காரணமாகக் காட்டச் சான்று இல்லை. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி, தொடர் கருச்சிதைவுக்கு டார்ச் பார்ப்பதைக் கைவிடச் சொல்லிப் பல ஆண்டுகள் ஆகின்றன. இங்கே அது இன்னும் எழுதப்படுகிறது. பல ஆய்வகங்களின் விலைப்பட்டியலில் 'தாய்மைப் பேக்கேஜ்' என்ற பெயரில் கோத்து விற்கப்படுகிறது. உங்கள் கையெழுத்து இல்லாமலேயே பெண்கள் அதைச் செய்துகொண்டு வருகிறார்கள். அப்படி வந்தவரிடம் "இதற்குப் பொருள் இல்லை, கவலைப்படாதீர்கள்" என்று ஒரு நிமிடம் செலவழித்துச் சொல்வது பெரிய உதவி.

தொற்று வந்த புதிதில் தோன்றும் எதிர்ப்பொருளான ஐஜிஎம் பாசிட்டிவ் என்றால் புதுத் தொற்றுதானே என்பீர்கள். பாடப்புத்தகத்தில் அப்படித்தான் படித்தோம். ஆனால் சிஎம்வியில் ஐஜிஎம் நம்பத்தகுந்த சாட்சி அல்ல. முதல் தொற்றுக்குப் பிறகு அது பல மாதங்கள் நீடிக்கும், சிலருக்கு ஓராண்டைத் தாண்டியும் நீடிக்கும். உறங்கிய பழைய வைரஸ் லேசாக எழுந்தாலும் தோன்றும். எப்ஸ்டீன்-பார் வைரஸோ பார்வோ வைரஸோ வந்திருந்தால் அந்த எதிர்ப்பொருள்கூட எலிசா பரிசோதனையில் சிஎம்வி என்று மாட்டிக்கொள்ளும். ரத்தத்தில் ருமட்டாய்டு ஃபாக்டர் இருந்தாலும் குழப்பும். ஐஜிஎம் பாசிட்டிவ் வந்த கர்ப்பிணிகளை மேற்கொண்டு ஆராய்ந்தால், உண்மையில் அப்போதுதான் முதல் தொற்று வந்தவர்கள் அவர்களில் சிறுபான்மையே. இந்த ஒரு வரியைக் காட்டிக் கருவைக் கலைக்கலாமா என்று கேட்டு வருகிறவர்களை என் துறையில் எல்லோரும் பார்த்திருப்போம். அந்தக் கேள்விக்கு ஐஜிஎம் மட்டும் ஒருநாளும் விடையாகாது.

சரியான வழி இருக்கிறது. அவிடிட்டி பரிசோதனை. எதிர்ப்பொருள் வைரஸை எவ்வளவு இறுக்கமாகப் பற்றுகிறது என்று அளப்பது. தொற்று வந்த புதிதில் உருவாகும் ஐஜிஜி தளர்வாகப் பற்றும், மாதங்கள் செல்லச் செல்ல இறுக்கம் கூடும். எலிசாவில் யூரியாவை ஊற்றிக் கழுவினால் தளர்ந்த எதிர்ப்பொருள் கழன்றுவிடும், இறுகியது நிற்கும். எவ்வளவு நின்றது என்ற விகிதத்தைப் பார்த்து, தொற்று கடந்த மூன்று நான்கு மாதத்துக்குள் வந்ததா, அதற்கு முந்தியதா என்று சொல்ல முடியும். ஆனால் நேரம் முக்கியம். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் எடுத்த ரத்தத்தில் இறுக்கம் அதிகம் என்றால், கரு உருவாகும் முன்பே தொற்று வந்துபோயிற்று என்று நிம்மதியாகச் சொல்லலாம். ஏழாம் மாதத்தில் எடுத்த ரத்தத்தில் அதே முடிவு வந்தால் அது எதையும் சொல்லாது. கர்ப்பத் தொடக்கத்தில் எடுத்த ரத்தம் ஏதாவது ஆய்வகத்தின் குளிர்பெட்டியில் மிச்சமிருக்கிறதா என்று கேளுங்கள். அதையும் இப்போதையதையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்ப்பதைவிட உறுதியான சான்று கிடையாது. பழைய ரத்தத்தில் ஐஜிஜி இல்லாமல் இருந்து இப்போது வந்திருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை.

தாயின் ரத்தத்தை எப்போதுமே பார்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கர்ப்பிணிக்குக் காரணம் தெரியாத நீண்ட காய்ச்சல், கூடவே கல்லீரல் நொதிகள் ஏற்றம் என்றால் பாருங்கள். ஸ்கேனில் குழந்தையின் குடல் வெண்மையாக ஒளிர்ந்தாலோ, மூளையில் சுண்ணாம்புப் படிவு தெரிந்தாலோ, மூளை அறைகள் விரிந்திருந்தாலோ, வளர்ச்சி குன்றியிருந்தாலோ பாருங்கள். ஐஜிஜி, ஐஜிஎம், அவிடிட்டி மூன்றையும் சேர்த்து, கேள்வியோடு பாருங்கள். விண்ணப்பத் தாளில் கர்ப்பம் எத்தனை வாரம், ஏன் கேட்கிறீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். அந்த இரண்டு வரி இல்லாமல் வரும் மாதிரிக்கு எண்ணைத்தான் எங்களால் அச்சிட முடியும், விளக்கம் சொல்ல முடியாது. கருவுக்குப் போய்விட்டதா என்று அறிய வேண்டுமானால் பனிக்குட நீரில் வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர். கருவின் சிறுநீரகம் வைரஸைச் சிறுநீரில் வெளியேற்றிய பிறகுதான் அந்த நீரில் அது தெரியும். எனவே தாய்க்குத் தொற்று வந்து ஆறு முதல் எட்டு வாரமாவது கழிந்திருக்க வேண்டும். கர்ப்பத்தின் முன்பாதியிலேயே அவசரப்பட்டுக் குத்தினால் பொய்யான நெகட்டிவ் வரும்.

முதல் தொற்றை உறுதி செய்வதில் இப்போது ஒரு பயனும் உண்டு. இஸ்ரேலில் நடந்த ஓர் ஆய்வு 2020-இல் 'லான்செட்' இதழில் வந்தது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் முதல் தொற்று வந்த பெண்களுக்கு நாளொன்றுக்கு 8 கிராம் வாலாசைக்ளோவிர் கொடுத்தார்கள். மருந்து எடுத்தவர்களில் 11 சதவீதத்தினரின் கருவுக்குத் தொற்று போயிற்று, போலி மாத்திரை எடுத்தவர்களில் 30 சதவீதம். சிறிய ஆய்வுதான், ஆனாலும் கவனிக்க வேண்டியது. அந்த அளவு சரியாக நிறுவப்பட்ட முதல் தொற்றுக்கானது. வெறும் ஐஜிஜி பாசிட்டிவுக்குச் சில்லறை அளவில் ஏசைக்ளோவிர் கொடுப்பதற்கு அதைச் சாட்சியாக்கக் கூடாது.

அப்படியானால் ஐஜிஜி பாசிட்டிவான தாயின் குழந்தைக்கு ஆபத்தே இல்லையா? நாம் சறுக்கும் இன்னொரு இடம் இது. ஒரு பக்கம் ஐஜிஜியைக் கண்டு பதறுகிறோம். மறுபக்கம், ஏற்கெனவே எதிர்ப்பு உள்ள தாய்மார்கள் நிறைந்த நம் நாட்டில் பிறவி சிஎம்வி ஒரு பொருட்டே இல்லை என்று நினைக்கிறோம். இரண்டும் தவறு. முதல் தொற்றில் கருவுக்குப் போகும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு. பழைய தொற்று எழுந்தாலோ வேறு வகை சிஎம்வி புதிதாக வந்தாலோ கருவுக்குப் போகும் வாய்ப்பு அதைவிட மிகக் குறைவு, ஏறத்தாழ நூற்றில் ஒன்று. ஆனால் அந்த நூற்றில் ஒன்றைக் கிட்டத்தட்ட எல்லாத் தாய்மாரோடும் பெருக்க வேண்டும். பிரேசிலில் ரிபெய்ராவ் பிரெட்டோ நகரத்தில், தாய்மார்களில் 96 சதவீதம் பேர் ஐஜிஜி பாசிட்டிவாக உள்ள மக்களிடையே 8,000-க்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். ஏறத்தாழ 1 சதவீதம் பேருக்குப் பிறவி சிஎம்வி. எதிர்ப்பொருள் உள்ள தாய்மார் குறைவாக இருக்கும் நாடுகளில் காணும் விகிதத்தைவிட அது குறைவல்ல, அதிகம். அந்தக் குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குக் காது கேட்பதில் குறை வந்தது. நம் நிலை பிரேசிலைப் போன்றது. ஆயிரம் பிரசவம் பார்க்கும் ஒரு மருத்துவமனையில் ஐந்து முதல் பத்துக் குழந்தைகள் இந்த வைரஸோடு பிறந்து, யாரும் அறியாமல் வீட்டுக்குப் போகின்றன என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். எந்தத் தாயின் ரத்தத்தைப் பார்த்தும் அந்தக் குழந்தைகளை அடையாளம் காண முடியாது. எல்லாத் தாய்மாரும் ஒரே மாதிரி பாசிட்டிவ்.

டார்ச் என்ற கருத்தை 1971-இல் முன்வைத்தவர் ஆண்ட்ரே நாமியாஸ், அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழந்தைத் தொற்றுநோய் அறிஞர். பிறந்த குழந்தை ஒரே மாதிரியான அடையாளங்களோடு வரும்போது மருத்துவர் நினைவில் கொள்ள வேண்டிய சில தொற்றுகளை அவர் ஒரு தொகுப்பாக்கினார். நோயுற்ற குழந்தையை முன்னால் வைத்து எழுந்த சிந்தனை அது. நலமாக இருக்கும் பெண்களின் ரத்தத்தில் மொத்தமாக வலைவீசும் வணிகமாக அது எப்படி மாறியது என்பது வருத்தமான கதை.

இந்த வைரஸைக் கண்டுபிடித்த வரலாறே குழந்தையைத்தான் காட்டுகிறது. 1881-இல் ஜெர்மனியில் ஹ்யூகோ ரிப்பர்ட், இறந்து பிறந்த ஒரு குழந்தையின் சிறுநீரகத்தில் விந்தையான பெரிய அணுக்களைப் பார்த்தார். என்னவென்று அவருக்குப் புரியவில்லை. அந்த அணுக்களின் உட்கருவில் இருந்த கறுத்த உருண்டையும் அதைச் சுற்றிய வெளிறிய வளையமும் ஆந்தைக் கண் போலத் தெரிவதாக இன்றும் நோய்க்குறியியலாளர்கள் சொல்வார்கள். வைரஸ் பிடிபட்டது 1950-களின் நடுவில், ஏறத்தாழ ஒரே நேரத்தில் மூன்று இடங்களில். செயின்ட் லூயிஸில் மார்கரெட் ஸ்மித், பெதஸ்டாவில் வாலஸ் ரோ, பாஸ்டனில் தாமஸ் வெல்லர். போலியோ வைரஸை வளர்த்ததற்காக 1954-இல் நோபல் பெற்ற அதே வெல்லர்தான். மஞ்சள் காமாலையும் மண்ணீரல் வீக்கமுமாக இருந்த குழந்தைகளின் கல்லீரல் துணுக்கிலிருந்தும் சிறுநீரிலிருந்தும் அவர் வைரஸை வளர்த்தெடுத்தார். பிறவி சிஎம்வி உள்ள குழந்தையின் சிறுநீரில் வைரஸ் கொட்டிக் கிடக்கும் என்பது 1957 முதல் நமக்குத் தெரியும்.

அன்று வளர்ப்பணுக்களில் வைரஸ் கண்ணுக்குத் தெரிய இரண்டு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். 1980-களில் ஷெல் வயல் என்ற விரைவு வளர்ப்பு முறை வந்து அதை ஒன்றிரண்டு நாளாக்கியது. இன்று பிசிஆர் சில மணி நேரத்தில் சொல்லிவிடுகிறது. கொரோனாவுக்குப் பின் மாவட்டத்துக்கு மாவட்டம் பிசிஆர் கருவி வந்துவிட்டது, பயிற்சி பெற்ற ஆய்வக நுட்புநர்களும் இருக்கிறார்கள். நம்மிடம் இல்லாதது கேட்கும் பழக்கம் மட்டுமே.

கேட்க வேண்டியது மூன்று வாரத்துக்குள். இந்த 21 நாள் கணக்கைத் தயவுசெய்து குழந்தைகள் வார்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். ஐஜிஜி பாசிட்டிவான தாய்மாரில் பெரும்பாலோரின் பாலில் இந்த வைரஸ் வரும். அதனால் நிறைமாதக் குழந்தைக்குத் தீங்கு இல்லை, பாலை நிறுத்தவே கூடாது. ஆனால் பால் வழியாகத் தொற்றிய குழந்தையும் சில வாரங்களில் சிறுநீரில் வைரஸை விடத் தொடங்கும். எனவே 21 நாளுக்குள் சிறுநீரில் வைரஸ் இருந்தால் அது வயிற்றிலேயே வந்தது. அதன்பிறகு இருந்தால் வயிற்றில் வந்ததா, பாலில் வந்ததா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆறு மாதக் குழந்தையின் சிறுநீரை அனுப்பி "பிறவி சிஎம்வியா?" என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

மாதிரி எடுப்பது கடினமல்ல. சிறுநீர் சேகரிக்கும் பிளாஸ்டிக் பையைத் தோலில் ஒட்டி எடுக்கலாம், டயப்பரில் பஞ்சு வைத்துப் பிழிந்தும் எடுக்கலாம். சில மில்லி லிட்டர் போதும். உமிழ்நீர் இன்னும் எளிது. கன்னத்தின் உட்புறத்தில் ஸ்வாபை ஒரு நிமிடம் வைத்துச் சுழற்றினால் முடிந்தது. அமெரிக்காவின் ஏழு மருத்துவமனைகளில் ஏறத்தாழ 35,000 குழந்தைகளிடம் உமிழ்நீரைப் பார்த்து 2011-இல் ஓர் ஆய்வு வந்தது. ஸ்வாபை உலரவிட்டு அனுப்பியபோதுகூட நூற்றுக்கு 97 குழந்தைகளைப் பிடித்தது. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து சாதாரணத் தபாலில் அனுப்பலாம் என்பதுதான் அதற்குப் பொருள். ஒரே ஒரு கவனம்: பால் குடித்து ஒரு மணி நேரமாவது கழித்து எடுங்கள். வாயில் ஒட்டிய பாலில் உள்ள தாயின் வைரஸ் பொய்யான பாசிட்டிவ் காட்டிவிடும். உமிழ்நீரில் பாசிட்டிவ் வந்தால் அதே மூன்று வாரத்துக்குள் சிறுநீரிலும் பார்த்து உறுதி செய்யுங்கள்.

குழந்தையின் ரத்தத்தில் டார்ச் பார்ப்பதும் நம்மிடையே இருக்கிறது. அதன் ஐஜிஜி தாயிடமிருந்து வந்தது, ஓராண்டுக்கு மேல்கூட நிற்கும், ஒன்றும் சொல்லாது. ஐஜிஎம் நோயுள்ள குழந்தைகளில் கணிசமானோருக்கு நெகட்டிவாகவே இருக்கும். நெகட்டிவ் என்று நம்பி விட்டுவிட்டால் குழந்தையை இழந்தோம். குதிகாலில் குத்தி அட்டையில் எடுக்கும் ரத்தப் பொட்டு முன்பு மிகவும் ஏமாற்றியது. 2010-இல் வந்த ஆய்வில் மூன்றில் ஒரு குழந்தையைத்தான் அது கண்டுபிடித்தது. முறைகள் மேம்பட்ட பின் இப்போது நான்கில் மூன்று வரை கண்டுபிடிக்கிறது. அதை நம்பிக் கனடாவின் ஒன்டாரியோ 2019 முதலும் அமெரிக்காவின் மின்னசோட்டா 2023 முதலும் பிறக்கும் எல்லாக் குழந்தைகளையும் பார்க்கின்றன. பிறந்ததும் செய்யும் செவிப் பரிசோதனையில் தேறாத குழந்தைகளை மட்டுமாவது பாருங்கள் என்று யூட்டா மாநிலம் 2013-இலேயே சட்டம் போட்டது.

அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்த மடலை எழுதவே தொடங்கினேன்.

நம் ஊரில் காது கேட்காத குழந்தையைக் கூட்டிவரும் பெற்றோரிடம் முதல் கேள்வி, "சொந்தத்துல கல்யாணமா?" தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள் நடப்பவை என்பதால், ஆமாம் என்ற பதில் அடிக்கடி வரும். அத்தோடு விசாரணை முடிந்துவிடுகிறது. உறவுத் திருமணத்தால் வரும் செவிக்குறை உண்மைதான், கனெக்சின் 26 மரபணுக் கோளாறு தென்னிந்தியாவில் நன்கு ஆராயப்பட்ட ஒன்று. ஆனால் மாமன் மகளைக் கட்டியவருக்குப் பிறந்த குழந்தைக்கு சிஎம்வி வராது என்று விதி ஏதும் இல்லை. மரபு சாராத காரணங்களில் குழந்தைகளின் செவிநரம்புக் குறைக்கு உலகெங்கும் முதலிடம் இந்த வைரஸுக்குத்தான். அதோடு, இந்த வைரஸோடு பிறக்கும் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பார்வைக்கு முழு ஆரோக்கியமாகப் பிறக்கின்றன. அவற்றில் பத்தில் ஒன்றுக்குக் கொஞ்சம் மேல் பின்னால் காது மங்கும். பிறந்தபோது செவிப் பரிசோதனையில் தேறி, இரண்டு வயதில், மூன்று வயதில் ஒரு பக்கம் குறைந்து, பிறகு மறுபக்கமும் குறையும் குழந்தைகள் உண்டு. "நல்லா கேட்டுட்டுதான் இருந்தான் டாக்டர்" என்று தாய் சொன்னால் நம்புங்கள். அவள் சொல்வது பெரும்பாலும் சரி.

அந்த வயதில் நிரூபிக்க வழியில்லை. 21 நாள் எப்போதோ போய்விட்டது. தாய் வாழ்நாள் முழுக்கத் தன் திருமணத்தையோ, கர்ப்பத்தில் தான் தின்றதையோ, கிரகணத்தன்று வெளியே போனதையோ நினைத்துக் குற்றவுணர்வில் கிடக்கிறாள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சைக்கு அரசு பணம் தருகிறது. நல்ல காரியம் அது. அத்தனை செலவு செய்யும் நாம், அந்தக் குழந்தை பிறந்த வாரத்தில் ஒரு ஸ்வாபுக்குச் செலவழித்திருந்தால், செவி குறையத் தொடங்கும் முன்பே ஆறு மாதத்துக்கு ஒரு முறை செவித்திறனைச் சோதித்துப் பின்தொடர்ந்திருக்கலாம். பேச்சு வளரும் மாதங்கள் வீணாகாமல் காத்திருக்கலாம்.

சிகிச்சையும் உண்டு. அடையாளங்களோடு பிறந்த குழந்தைகளுக்கு முதல் மாதத்துக்குள் வால்கான்சைக்ளோவிர் தொடங்கி ஆறு மாதம் கொடுத்தால், ஆறு வாரம் கொடுப்பதைவிடச் செவியும் வளர்ச்சியும் ஓரளவு நன்றாக இருப்பதாக 2015-இல் டேவிட் கிம்பர்லின் குழுவினர் காட்டினார்கள். வெள்ளை அணுக்கள் குறையும், அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும், எல்லாக் குழந்தைக்கும் பொருந்தாது. இவற்றையெல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். என் கவலை, மருந்து தொடங்குவதற்கான கதவு ஒரு மாதத்தில் ஏறக்குறைய மூடிக்கொள்கிறது என்பதுதான். வார்டிலிருந்து மாதிரி ஆய்வகத்துக்கு வர இரண்டு நாள், முடிவு போக மூன்று நாள், விடுமுறை இரண்டு நாள் என்று நாமே அதைக் குறுக்கிவிடுகிறோம்.

மகப்பேற்றோடு சேராத ஒரு வார்த்தை, இதைப் படிக்கும் உறுப்பு மாற்று வார்டு நண்பர்களுக்கும். 1971-இல் வேலூரில் சிறுநீரக மாற்று வெற்றிகரமாக நடந்தது முதல் தமிழ்நாட்டுக்கு இந்த வைரஸோடு நீண்ட பழக்கம். ஐஜிஜிக்கு முழு மதிப்புள்ள இடம் உங்களுடையதுதான். மாற்றுக்கு முன் கொடுப்பவர், பெறுபவர் இருவரின் ஐஜிஜியும் தெரிந்தால்தான் யாருக்குத் தடுப்பு மருந்து வேண்டும் என்று தெரியும். மாற்றுக்குப் பின் ஐஜிஎம் கேட்காதீர்கள், வைரஸ் அளவை பிசிஆரில் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2010-இல் பொதுத் தரமாதிரியைக் கொண்டுவந்த பின்னும், பிளாஸ்மாவில் வரும் எண்ணும் முழு ரத்தத்தில் வரும் எண்ணும் ஒன்றல்ல. ஒரே ஆய்வகம், ஒரே வகை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மடங்குக்கும் குறைவான ஏற்ற இறக்கத்தைக் கண்டு மருந்தை மாற்றாதீர்கள். வயிற்றுப்போக்கும் குடல் புண்ணும் இருந்து ரத்தத்தில் வைரஸ் இல்லை என்று வந்தால் அதை நம்பி விடாமல் திசு எடுத்து அனுப்புங்கள். ரிப்பர்ட் பார்த்த அணுக்கள் அதில் இருக்கலாம்.

மீண்டும் மகப்பேறு, குழந்தை மருத்துவர்களான உங்களிடமே வருகிறேன். எல்லாக் குழந்தைகளையும் பரிசோதிக்க அரசு முடிவெடுக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. நாளைக் காலையிலிருந்தே செய்யக்கூடியவை உள்ளன. செவிப் பரிசோதனையில் இரண்டாம் முறையும் தேறாத குழந்தை, தலை சிறுத்துப் பிறந்த குழந்தை, எடை குறைந்து பிறந்ததற்குக் காரணம் தெரியாத குழந்தை, உடம்பில் செம்புள்ளிகளும் தட்டணுக் குறைவும் உள்ள குழந்தை, மஞ்சள் காமாலை நீடித்து ஈரல் வீங்கிய குழந்தை, மூளை ஸ்கேனில் சுண்ணாம்புப் படிவு உள்ள குழந்தை. இவர்களின் சிறுநீரை மூன்று வாரத்துக்குள் அனுப்புங்கள். செவிப் பரிசோதனையின் மறுதேர்வை ஆறாம் வாரத் தடுப்பூசியோடு சேர்த்துத் தள்ளிப்போடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அதை இரண்டாம் வாரத்துக்குக் கொண்டுவந்தால் மட்டுமே இது பயன்படும். மகப்பேறு மருத்துவர்கள் கர்ப்பிணியிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் அதன் எச்சில் பட்ட சோற்றைத் தின்ன வேண்டாம், அதற்கு டயப்பர் மாற்றியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். டார்ச் ரிப்போர்ட்டுக்கு ஆகும் செலவில் துளிகூட இதற்கு ஆகாது.

ஆய்வக நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சிஎம்வி ஐஜிஜி பாசிட்டிவ் என்று அச்சிடும் தாளில், அதன் கீழேயே தமிழில் ஒரு வரி சேர்ப்போம்: 'இது பழைய தொற்றைக் காட்டுகிறது, இதற்கு மருந்து தேவையில்லை, மறுபரிசோதனையும் தேவையில்லை.' எங்கள் பக்கத்தில் அதை நாங்கள் செய்கிறோம். உங்கள் பக்கத்தில் 21 நாளுக்குள் அந்தச் சிறுநீரை அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாதிரிகளுக்காகக் காத்திருக்கும்
ஒரு நுண்ணுயிரியல் மருத்துவர்